வரிசையில் இருக்கிறது பொருள்

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி ஒன்றில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் தேடுகிறவர் முனையத்தைத் திறந்து கெர்னலின் பதிவைக் கேட்கிறார். நூற்றுக்கணக்கான வரிகள் வந்து விழுகின்றன. அவற்றில் அவர் கண் முதலில் தேடுவது 'தோல்வி', 'பிழை' என்ற சொற்களைத்தான். இன்டெல் வைஃபை சில்லும் சற்றுப் பழைய கெர்னலும் உள்ள கணினியாக இருந்தால் அப்படி ஒரு வரி பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும். பெயரில் 'யோயோ' என்று வரும் ஒரு கோப்பை ஏற்றும் முயற்சி தோற்றது, பிழை எண் -2 என்று அது சொல்லும். நோய்க்குக் காரணம் அகப்பட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்பு டிரைவரை எழுதுகிறவர்கள் சோதனைக்காக வைத்துக்கொள்வது. மற்றவர்கள் கணினியில் அது இருக்க வேண்டியதே இல்லை. வைஃபை நாள்முழுக்கக் குறையின்றி ஓடிய எத்தனையோ கணினிகளிலும் அதே வரி, அதே பிழை எண்ணுடன், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் பதிவாகியிருக்கிறது.

பதிவில் உள்ள ஒரு வரியின் பொருள் அந்த வரிக்குள் முழுதாக அடங்குவதில்லை என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எழுதியது யார், அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன வந்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வரி பேசத் தொடங்கும். வரியில் 'பிழை' என்ற சொல் இருக்கிறதா என்பது, அந்த வரியிலிருந்து பெறக்கூடிய செய்திகளிலேயே பயன் குறைந்த ஒன்று. இது வைஃபைக்கு மட்டும் பொருந்தும் சிறு நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். காரணகாரியத்தை எப்படித் தேடுவது என்ற பழைய அறிவியல் கேள்வி நம் மேசைமீதே தினமும் எழும் இடம் இது. அதனால்தான் இதற்கு ஓர் அத்தியாயம் தகும்.

முதலில், எழுதுகிறவர்கள் யார் என்று பார்ப்போம். வைஃபை இணைப்பு ஒன்றைப் பல மென்பொருள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நடத்துகின்றன. அடியில் இருப்பது வானொலிச் சில்லு. அதற்குள்ளேயே ஒரு சிறு செயலி உண்டு. அந்தச் செயலி இயங்குவதற்கான நிரலே ஃபர்ம்வேர். இன்றைய சில்லுகளில் பல இந்த ஃபர்ம்வேரைத் தம்முள் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. கணினி தொடங்கும்போதெல்லாம் வட்டில் உள்ள கோப்பிலிருந்து அதை எடுத்துச் சில்லுக்குள் ஏற்றுவது டிரைவரின் முதல் வேலை. டிரைவருக்கு மேலே, கெர்னலுக்குள்ளேயே, மேக்80211 என்ற பொது அடுக்கு இருக்கிறது. 2007இல் கெர்னலின் 2.6.22ஆம் பதிப்பில் சேர்ந்த இது, ரூட்டரோடு பேசிச் சேரும் படிநிலைகளைப் பல நிறுவனங்களின் சில்லுகளுக்கும் பொதுவாக நடத்தித் தருகிறது. கெர்னலுக்கு வெளியே, கடவுச்சொல்லையும் மறையாக்கச் சாவிகளையும் கவனிக்க டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரல். எந்த வலையில் சேர்வது, எப்போது விலகுவது என்று முடிவெடுக்க நெட்வொர்க் மேனேஜர். ஒவ்வொன்றும் தன் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பதிவு செய்கிறது. அடுத்த அடுக்கில் நடப்பது அதற்குத் தெரியாது. வரியின் தொடக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்தாலே எந்த அடுக்கு பேசுகிறது என்று அறியலாம். டிரைவர் பேசினால் தன் பெயரையும் சில்லு அமர்ந்திருக்கும் பிசிஐ முகவரியையும் முன்னால் போடும். மேக்80211 பேசினால் டபிள்யூலேன்0 போன்ற இடைமுகப் பெயர் முன்னால் நிற்கும்.

பெயருக்கும் முன்னால், சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். கணினி தொடங்கியதிலிருந்து கடந்த நொடிகள் அவை, ஆறு தசம இடங்கள்வரை. பெரும்பாலானவர்கள் தாண்டிப் படிக்கும் இந்த எண்தான் பதிவிலேயே விலைமதிப்புள்ளது. இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது, இடையே எவ்வளவு நேரம் ஓடியது என்பதை இது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. காரணம் விளைவுக்குப் பின்னால் வர முடியாது என்பதால், இந்த எண்ணை வைத்தே பல சந்தேகங்களை ஒரேயடியாக நீக்கிவிடலாம். இணைப்பு 4,000ஆவது நொடியில் அறுந்தது, 'யோயோ' வரியோ தொடங்கிய சில நொடிகளிலேயே வந்தது என்றால், இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வைஃபை ஒழுங்காக ஓடியிருக்கிறது. அந்த வரியைக் காரணமாகச் சொல்கிறவர் இந்த ஒரு மணி நேரத்துக்கு விளக்கம் தர வேண்டும்.

வரிசை எப்படிப் பொருளை மாற்றுகிறது என்பதற்கு ஃபர்ம்வேர் ஏற்றமே தெளிவான சான்று. இன்டெல் டிரைவர் ஒரே ஒரு ஃபர்ம்வேர் பதிப்பை நம்பி எழுதப்பட்டதன்று. தனக்குப் புரியும் பதிப்புகளில் மிகப் புதியதை முதலில் கேட்கும். வட்டில் அது இல்லையென்றால் அதற்கு முந்தைய எண்ணைக் கேட்கும். அதுவும் இல்லையென்றால் அதற்கும் முந்தையதை. ஒவ்வொரு முறை கோப்பு கிடைக்காதபோதும் 'ஏற்றம் தோல்வி, பிழை -2' என்று ஒரு வரி விழும். -2 என்பது யூனிக்ஸ் மரபில் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் எண். கெர்னல் புதிதாகவும் ஃபர்ம்வேர் தொகுப்பு சற்றுப் பழையதாகவும் இருக்கும் கணினியில் இப்படி ஐந்தாறு தோல்விகள் தொடர்ந்து வரலாம். பிறகு 'இன்ன பதிப்பு ஏற்றப்பட்டது' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி வந்துவிட்டால் முந்தைய தோல்விகள் அத்தனையும் வெறும் தேடல் குறிப்புகள். அதற்குப் பதிலாக, 'பொருத்தமான ஃபர்ம்வேர் எதுவும் இல்லை' என்ற வரியும், குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்ற குறிப்பும் வந்தால், அதே தோல்வி வரிகள் உண்மையான கோளாற்றின் தடயங்கள் ஆகிவிடுகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றான வரிகள்தாம். அவை ஒன்றும் இல்லாதவையா, வைஃபையே இயங்காமல் போனதன் காரணமா என்பதைத் தீர்மானிப்பது அவற்றுக்குப் பின் வரும் வரி.

இந்த இரண்டாவது நிலை கற்பனையானதன்று. ஃபர்ம்வேர்கள் பெரும்பாலும் மூலநிரல் வெளியிடப்படாதவை. அதனால் கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியான டெபியன் போன்ற வெளியீடுகள் அவற்றைத் தம் முதன்மை நிறுவல் வட்டில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. புது மடிக்கணினியில் டெபியனை நிறுவியவர்கள் வைஃபை இல்லாமல் தவித்ததற்கு இதுவே காரணம். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது. இன்று இன்டெல் சில்லில் -2 என்ற எண்ணைப் பார்ப்பவர் பெரும்பாலும் முதல் வகையையே சந்திக்கிறார். ஆயினும் பின்வரும் வரியைப் படிக்காமல் அப்படி முடிவு கட்டிவிடக் கூடாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கெர்னல் வரிகளுக்கு 0 முதல் 7 வரை எட்டுக் கடுமை நிலைகள் இருக்கின்றனவே, எது பெரிது எது சிறிது என்பதை டிரைவரை எழுதியவரே குறித்துவைத்திருக்கிறாரே, பிழை நிலைக்கு மேற்பட்டவற்றை மட்டும் வடிகட்டிப் படித்தால் போதாதா? கடுமை நிலைகள் பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வரியின் நிலையையும் அதை எழுதிய நிரலாளர் தம் அடுக்கின் பார்வையில் தேர்ந்திருக்கிறார். விளைவைப் பாருங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற தீங்கற்ற வரி 'எச்சரிக்கை' என்ற 4ஆம் நிலையில் வருகிறது. ரூட்டர் நம் கணினியை வெளியேற்றிய செய்தியோ வெறும் 'தகவல்' என்ற 6ஆம் நிலையில் வருகிறது. மேக்80211இன் கண்ணுக்கு இணைப்பதும் பிரிப்பதும் அன்றாட வேலை, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆக, இணைப்பு அறுவதற்குக் காரணம் தேடுகிறவர் பிழைகளை மட்டும் வடிகட்டினால், இணைப்பு அறுந்த வரியே அவர் கண்ணில் படாது. சத்தமாக ஒலிப்பதைத் தேடும் பழக்கம் இங்கே நேரடியாகவே தவறான இடத்துக்கு இட்டுச்செல்கிறது.

'தோல்வி' என்ற சொல் ஏமாற்றுவது போலவே வெற்றிச் சொற்களும் ஏமாற்றும். ஒரு வலையில் சேரும்போது மேக்80211 எழுதும் வரிகளைக் கவனியுங்கள். முதலில், இன்ன ரூட்டரிடம் அடையாளம் காட்டுகிறேன் என்று ஒரு வரி. அடுத்து, கோரிக்கை அனுப்புகிறேன், மூன்றில் முதல் முயற்சி என்று ஒரு வரி. பிறகு 'அடையாளம் ஏற்கப்பட்டது'. பிறகு சேர்க்கைக்கான கோரிக்கை, அதற்கு நிலை எண் 0 என்ற பதில், கடைசியாக 'சேர்ந்தாயிற்று'. கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தாலும், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் இத்தனை வரிகளும் ஒன்றுவிடாமல் வெற்றியாகவே வரும். அடையாளம் ஏற்கப்பட்டது என்ற வரியைப் படித்துவிட்டுக் கடவுச்சொல் சரிதான் என்று முடிவு செய்கிறவர் மணிக்கணக்கில் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1997இல் வெளியான முதல் 802.11 வைஃபை தரத்தில் அடையாளம் காட்டும் படி ஒன்று இருந்தது. 2004இல் பாதுகாப்பைப் புதிதாக அமைத்தபோது, பழைய கருவிகளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் படியை நீக்காமல், யார் வந்தாலும் ஏற்கும் வெறும் சடங்காக விட்டுவிட்டார்கள். உண்மையான சோதனை சேர்க்கைக்குப் பிறகு நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றத்தில்தான். அதிலும் கடவுச்சொல் காற்றில் அனுப்பப்படுவதில்லை. கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியைக் கொண்டு கணினி ஒரு சரிபார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டு இரண்டாம் செய்தியில் சேர்த்து அனுப்புகிறது. ரூட்டர் தானும் அதைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. பொருந்தவில்லை என்றால், தரத்தின்படி, அந்தச் செய்தியைச் சத்தமின்றித் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டு, சரியான செய்திக்காகக் காத்திருந்து, முதல் செய்தியை மறுபடி மறுபடி அனுப்பி, நேரம் கடந்ததும் கணினியை வெளியேற்றுகிறது. எனவே பதிவில் பெரும்பாலும் வருவது காரண எண் 15, அதாவது நான்கு செய்திப் பரிமாற்றத்தில் நேரம் கடந்தது. சில ரூட்டர்கள் 2ஆம் எண்ணைத் தருகின்றன. ரூட்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நேரம் கடந்தது என்பது முழு உண்மை. சிக்னல் வலுவில்லாமல் செய்தி வழியில் தொலைந்தாலும் அதே எண்ணே வரும் என்பதால், எண்ணை மட்டும் வைத்துக் கடவுச்சொல் தவறென்று அடித்துச் சொல்ல முடியாது. டபிள்யூபிஏ சப்ளிகன்ட் இந்த இடத்தில் நேர்மையாகவே எழுதுகிறது: கடவுச்சொல் தவறாக இருக்கலாம் என்று. அந்த 'இருக்கலாம்' கவனமாக எழுதப்பட்ட சொல். ஒவ்வொரு முறையும், ரூட்டரின் அருகிலேயே இருந்தும், சேர்ந்த சில நொடிகளில் 15 வருகிறது என்றால் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கலாம். பல மணி நேரம் ஓடிய பிறகு எப்போதாவது வருகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 முறையில் கடவுச்சொல் சோதனை அடையாளம் காட்டும் படிக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே தவறான கடவுச்சொல் அந்தப் படியையே தாண்டாது. அதே வரி, வேறு முறையில், வேறு பொருள் தருகிறது.

பேசுவது யார் என்ற கேள்வி, இணைப்பு முறியும் வரிகளில் இன்னும் முக்கியமாகிறது. 'இன்ன ரூட்டரால் விலக்கப்பட்டது' என்றும், 'உள்ளூர் முடிவால் விலகுகிறது, காரணம் 3' என்றும் இரண்டு வகை வரிகள் உண்டு. அவசரமாகப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாவது, ரூட்டர் அனுப்பிய செய்தியின் நகல். ஆய்வு அந்தப் பக்கம் போக வேண்டும். ரூட்டரின் நெரிசலா, அதன் அமைப்பா, அது மறுதொடக்கம் ஆனதா என்று கேட்க வேண்டும். இரண்டாவதில் விலகியது நம் கணினியே. மூடியை மூடியதால் உறங்கப் போயிருக்கலாம், நெட்வொர்க் மேனேஜர் வேறு வலைக்கு மாறியிருக்கலாம். அப்போது டிரைவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அதே நொடியில் நெட்வொர்க் மேனேஜர் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே வழி. அதனால்தான் கெர்னலின் வரிகளையும் மற்ற நிரல்களின் வரிகளையும் நேர வரிசையில் ஒன்றாகக் காட்டும் ஜர்னல் பதிவு, கெர்னல் வரிகளை மட்டும் தரும் டிமெசேஜைவிடப் பல நேரங்களில் உதவுகிறது.

பெரிய கோளாறுகளில் வரிசையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் நிலைகுலைந்தால், இன்டெல் டிரைவர் 'மைக்ரோகோட் மென்பொருள் பிழை, மறுதொடக்கம் செய்கிறேன்' என்று அறிவித்துவிட்டு, பதிவகங்களின் மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். பயமுறுத்தும் பதினாறடிமான எண்கள் திரையை நிரப்பும். அவை ஃபர்ம்வேரை எழுதியவர்களுக்கு உரியவை. மற்றவர்கள் பார்க்க வேண்டியது இரண்டே இடங்கள். ஒன்று, அந்தக் கொட்டலுக்குச் சற்று முன் என்ன நடந்தது என்பது. மற்றொன்று, அதன் பிறகு இணைப்பு மீண்டதா என்பது. பல நேரம் ஃபர்ம்வேர் மறுபடி ஏறி, சில நொடிகளில் இணைப்பு திரும்பிவிடும். மீளாத நிலையில் வரும் ஒரு வரி தனிக் கவனம் பெற வேண்டியது. சில்லை அணுகக் காத்திருந்து நேரம் கடந்தது என்று சொல்லி, பதிவகத்தின் மதிப்பாக எட்டு 'எஃப்'களை அது காட்டும். அதாவது 32 பிட்டுகளும் ஒன்று. பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் ஒரு சாதனம் பதில் தராதபோது, அதைப் படிக்க முயலும் செயலிக்குக் கிடைப்பது எல்லாம் ஒன்றாக அமைந்த இந்த மதிப்பே. அது சில்லு சொன்ன விடை அன்று. சில்லு தடத்திலேயே இல்லை என்பதன் அடையாளம். இந்த வரியைப் பார்த்தபின் கடவுச்சொல்லையோ ரூட்டரையோ ஆராய்வது வீண். மின்சேமிப்பு நிலை, உறக்கத்திலிருந்து எழும் கட்டம், சில்லின் இணைப்புமுனை ஆகியவையே பார்க்க வேண்டியவை.

இதுவரை சொன்னது வரிகளை எப்படிப் படிப்பது என்பது. எந்த வரி காரணம் என்று எப்படி நிறுவுவது? இங்கே 19ஆம் நூற்றாண்டின் ஒரு கருவி நமக்கு உதவுகிறது. 1843இல் வெளியிட்ட தர்க்கவியல் நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் காரணத்தைத் தேடும் முறைகளைத் தொகுத்தார். அவற்றில் ஒன்று வேறுபாட்டு முறை. ஒரு நிகழ்வு நடந்த சூழலும் நடக்காத சூழலும் ஒரே ஒரு அம்சத்தில் மட்டும் வேறுபட்டால், அந்த அம்சமே நிகழ்வின் காரணம் அல்லது காரணத்தின் இன்றியமையாத பகுதி என்பது அதன் சாரம். லினக்ஸ் பதிவு இந்த முறைக்கென்றே செய்து வைத்தது போல் இருக்கிறது. ஜர்னல் சேமிக்கப்படும் கணினியில், ஒவ்வொரு முறை கணினி இயங்கியதன் பதிவும் தனித்தனியே கிடைக்கும். வைஃபை நன்றாக ஓடிய ஒரு முறையையும் கெட்டுப்போன ஒரு முறையையும் எடுத்து, நேர எண்களை நீக்கி, அருகருகே வைத்து ஒப்பிட்டால், இரண்டிலும் பொதுவாக உள்ள வரிகள் உதிர்ந்துவிடும். 'யோயோ' வரியும் ஃபர்ம்வேர் தேடல் வரிகளும் முதலில் உதிர்பவை. மிஞ்சும் சில வரிகளில் ஆய்வைத் தொடங்கலாம்.

இதற்கும் மறுப்பு உண்டு, அது வலுவானது. இரண்டு முறையும் இருக்கும் ஒரு நிலை, இன்னொன்றோடு சேர்ந்து கோளாறை உண்டாக்கலாமே? உண்மைதான். பழைய ஃபர்ம்வேர் எல்லா நாளும் இருந்து, நெரிசலான வலையில் மட்டும் நிலைகுலையலாம். பொதுவான வரி ஒன்று தனியாகக் காரணம் ஆக முடியாது என்பதை மட்டுமே ஒப்பீடு நிறுவுகிறது. துணைக்காரணமாக இருக்கும் வாய்ப்பை அது மறுப்பதில்லை. ஆனால் அந்தத் துணைக்காரணத்தைத் தேடவும் வழி அதே முறைதான்: ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, மறுபடி பார்ப்பது. முழுமையான முறை இல்லை என்பதற்காகக் கையில் இருக்கும் நல்ல முறையைக் கைவிட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற ஒழுங்கு இல்லாததால் விளையும் கேட்டைப் பரவலான ஒரு கைவைத்தியம் காட்டுகிறது. இன்டெல் டிரைவருக்கு 802.11என் வசதியை முழுதாக அணைக்கும் ஓர் அமைப்பு உண்டு. இணைப்பு அறுகிறது என்று யார் சொன்னாலும் அதைச் செய்துபார்க்கும்படி சொல்வது வழக்கமாகிவிட்டது. சில பழைய சில்லுகளில் அது உண்மையாகவே உதவியது. ஆனால் 802.11என் என்ற அடித்தளத்தின்மேல்தான் அதற்குப் பிந்தைய 802.11ஏசியும் கட்டப்பட்டிருக்கிறது. அதை அணைத்தால் வேகத்தின் உச்சவரம்பு பழைய தரத்தின் நொடிக்கு 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான மெகாபிட் தரக்கூடிய சில்லு அந்த வரம்புக்குள் முடங்கிக் கிடக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து வைஃபை மெதுவாக இருக்கிறது என்று அதே பயனர் தேடும்போது, தாம் அன்று எழுதிய அந்த ஒரு வரி அவர் நினைவில் இருக்காது.

வேலை செய்தால் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் இருப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். என் பதில், அது வேலை செய்ததா என்பதையே காரணம் தெரியாமல் சொல்ல முடியாது என்பது. வைஃபைக் கோளாறு ஏறியிறங்கும் இயல்புடையது. பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள், சுற்றியுள்ள புளூடூத் கருவிகள், நேரத்துக்கு நேரம் மாறும் நெரிசல் எல்லாம் அதைப் பாதிக்கின்றன. ஒருவர் பொறுமையிழந்து மருந்து தேடுவது கோளாறு உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கமே. அன்று எதைச் செய்திருந்தாலும் மறுநாள் தேறியதாகத் தோன்றும். போதாததற்கு, அமைப்பை மாற்றியதும் கணினியை மறுதொடக்கம் செய்கிறோம். அந்த மறுதொடக்கமே சில்லைப் புதிதாக எழுப்பியிருக்கலாம். உண்மையான சோதனை, மாற்றத்தைச் செய்து பார்த்து, எடுத்துவிட்டுப் பார்த்து, மறுபடி செய்து பார்ப்பது. எடுத்ததும் கோளாறு திரும்பி, செய்ததும் மறைந்தால் அதை நம்பலாம். வாரத்துக்கு ஒரு முறை அறும் இணைப்பை ஒரு நாள் பார்த்துவிட்டுக் குணமாயிற்று என்று சொல்லக் கூடாது. வழக்கமான இடைவெளியைப் போல் சில மடங்கு காலமாவது காத்திருக்க வேண்டும்.

பதிவால் சொல்ல முடியாதவை இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யூஎஸ்பி 3.0 இணைப்பின் சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பி அருகிலுள்ள கம்பியில்லாக் கருவிகளைப் பாதிக்கிறது என்று 2012இல் இன்டெல் நிறுவனமே ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. வெளி வன்தட்டைச் செருகியதும் வைஃபை தடுமாறினால், பதிவில் இருப்பது இணைப்பு அறுந்த வரி மட்டுமே. இரைச்சலுக்கென்று வரி இல்லை. ரியல்டெக்கின் ஒரு சில்லு பொருத்தப்பட்ட சில மடிக்கணினிகளில், ஒரே ஆன்டெனா ஒரு முனையில் இருக்க, டிரைவர் மற்ற முனையைப் பயன்படுத்தியது. ரூட்டர் அருகே இருந்தும் சிக்னல் மிக வலுவிழந்து தெரிந்தது. ஆன்டெனா முனையைக் கையால் தேர்ந்தெடுக்கும் அமைப்பு ஒன்று பின்னர் டிரைவரில் சேர்க்கப்பட்டது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளில், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி, கணினியை முழுதாக அணைக்காமல் சில்லை இடைநிலையில் விட்டுவிட, லினக்ஸில் டிரைவர் தொடங்கத் தடுமாறுவதும் உண்டு. அங்கே லினக்ஸ் பதிவில் விளைவு இருக்கும், காரணம் இருக்காது. பிராட்காமின் சில சில்லுகளில் ரூட்டரோடு சேரும் படிகள் ஃபர்ம்வேருக்குள்ளேயே நடப்பதால், மேக்80211இன் வழக்கமான வரிகள் வருவதே இல்லை. அங்கே வரிகள் இல்லாததைக் கண்டு இணைப்பு முயற்சியே நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படியானால் பதிவை நம்பிப் பயன் என்ன என்ற கேள்வி வரும். பதிவின் வேலை காரணத்தைப் பெயர்சொல்லிக் காட்டுவது என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எந்த அடுக்குகள் ஒழுங்காக இருக்கின்றன என்று காட்டித் தேடும் இடத்தைச் சுருக்குவது அதன் வேலை. ஃபர்ம்வேர் ஏறியது, சேர்க்கை நடந்தது, சாவிப் பரிமாற்றம் முடிந்தது, அதன் பின் மணிக்கணக்கில் ஓடி அறுந்தது என்று பதிவு சொன்னால், டிரைவர் நிறுவல், கடவுச்சொல், ரூட்டரின் அடிப்படை அமைப்பு மூன்றும் விடுபடுகின்றன. மிஞ்சுவது காற்றும் மின்சேமிப்பும் ரூட்டரின் நடத்தையும். அடுத்து சிக்னல் அளவைப் பார்த்தால் போதும். -50 டிபிஎம் இருந்த இடத்தில் -80 இருந்தால், சேரும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். அதற்கு எந்த டிரைவர் அமைப்பும் மருந்தாகாது.

ஆகவே இந்தப் பக்கங்களை வாசிக்கும் லினக்ஸ் பயனருக்கு என் வேண்டுகோள் இது. வைஃபை நன்றாக ஓடும் நாளிலேயே, கணினியைத் தொடங்கி வலையில் சேர்ந்தபின், முழுப் பதிவையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். கெர்னல் பதிப்பையும் ஏறிய ஃபர்ம்வேர் பதிப்பையும் அதன் தலையில் எழுதி வையுங்கள். கெட்ட நாள் வரும்போது அன்றைய பதிவை அதோடு ஒப்பிடுங்கள். புதிய வரிகளில் நேரத்தால் முந்தியதை முதலில் பாருங்கள், அதை எழுதிய அடுக்கு எது என்று பாருங்கள், பின் வரும் வரி அதை உறுதி செய்கிறதா தள்ளுகிறதா என்று பாருங்கள். அமைப்புகளை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள், மாற்றியதைத் தேதியோடு குறித்து வையுங்கள், பயன் தராததை எடுத்துவிடுங்கள். டிரைவரை எழுதுகிறவர்களுக்குக் கோளாறை அறிவிக்கும்போது ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பாமல், நல்ல பதிவு, கெட்ட பதிவு இரண்டையும் முழுதாக அனுப்புங்கள். கருவிகளின் வன்பொருள் முகவரிகளையும் வலையின் பெயரையும் மட்டும் மறைத்துவிடுங்கள். கெட்ட நாளில் எடுக்க முடியாத ஒரே சான்று நல்ல நாளின் பதிவு. அதை இன்றே எடுத்துவிடுங்கள்.